தப்பி வந்தவர்களுக்குத் திறந்த கதவு

ஆள் விற்கும் கொடுமையை எதிர்த்து நின்ற புதுக்கோட்டைப் பெண்மணி

ஜூலை மாதம் 30-ந் தேதி. இந்த நாளுக்கு இரண்டு சிறப்புகள் உண்டு.

ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஏமாற்றிக் கொண்டுபோய் விற்கிறார்கள் அல்லவா? அந்தக் கொடுமையை எதிர்க்கும் நாளாக ஜூலை 30-ந் தேதியை ஐக்கிய நாடுகள் சபை 2013-ம் ஆண்டில் அறிவித்தது.

இன்னொரு சிறப்பு புதுக்கோட்டைக்கு உரியது. 1886-ம் ஆண்டு, இதே ஜூலை 30-ந் தேதிதான் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார்.

இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல்தான். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான நாள் கிடைத்திருக்காது!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் பலருக்கு நினைவு வருவது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாட்டு அரசு கொடுக்கும் உதவித் தொகையும் அவர் பெயரில்தான் வருகிறது.

அதற்கெல்லாம் முன்பே அவர் செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. விற்கப்படவிருந்த பெண்களுக்கு அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்தார்.

சமஸ்தானத்துச் சிறுமி

அந்தக் காலத்தில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள்.

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி அய்யர். நன்கு படித்தவர். தாய் சந்திரம்மாள். இசைக்கும் நடனத்துக்கும் பெயர்பெற்ற குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்தில்தான் பெண் குழந்தைகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமும் இருந்தது.

ஆகவே, அந்த வழக்கத்தால் பெண்கள் படும் பாட்டைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் முத்துலட்சுமிக்கு இருக்கவில்லை.

பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. முத்துலட்சுமி பருவம் அடைந்ததும் பள்ளிக்கூடம் போவது நின்றது. வீட்டில் இருந்தபடியே படித்தார். பரீட்சையில் தேறினார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அதுவரை பெண்கள் யாரும் படித்ததில்லை. ஒரு பெண் வந்தால் மாணவர்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவருடைய தாயின் குலத்தைச் சொல்லியும் எதிர்த்தார்கள்.

மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் குறுக்கிட்டார். முத்துலட்சுமியைச் சேர்த்துக் கொள்ளும்படி உத்தரவிட்டார். உபகாரச் சம்பளமும் கொடுத்தார்.

அந்தக் கல்லூரியின் முதல் மாணவி, 1907-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ம் ஆண்டு டாக்டர் பட்டத்துடன் வெளியே வந்தார். 1914-ம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பது திருமணத்துக்கு அவர் போட்ட நிபந்தனை!

பொட்டுக்கட்டு என்றால் என்ன?

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. தெரியாமல் போனது நல்லதுதான். ஆனாலும் அது எப்படி நடந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

சின்னஞ்சிறு பெண் குழந்தையைக் கோவிலுக்கு அழைத்துப் போவார்கள். சாமியின் பெயரால் கழுத்தில் பொட்டுத் தாலி கட்டுவார்கள். அன்று முதல் அவள் தேவதாசி. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு கலியாணம் கிடையாது.

கோவிலில் பாடுவதும் ஆடுவதும் அவள் வேலை. அந்தப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். சொத்துரிமை உள்ளவர்கள். இன்று உலகம் கொண்டாடும் பரதநாட்டியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

ஆனால் காலப்போக்கில் கோவில் ஊழியம் பின்னுக்குப் போயிற்று. பணக்காரர்களின் ஆசைக்கு இரையாவதே பலருடைய பிழைப்பு ஆயிற்று. பத்து வயதுப் பெண்ணிடம் உனக்குச் சம்மதமா என்று யார் கேட்டார்கள்?

சொந்த மகள் இல்லாதவர்கள் ஏழை வீட்டுப் பெண் குழந்தையைத் தத்து எடுத்தார்கள். தத்து என்பது பேச்சுக்குத்தான். பல இடங்களில் அது விலைக்கு வாங்குவதாகவே இருந்தது.

இதற்குச் சாட்சி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1883-ம் ஆண்டு பிறந்தவர். வறுமையில் வாடிய அவரது குடும்பம், ஐந்து வயதில் அவரை ஒரு தேவதாசியிடம் கொடுத்துவிட்டது. விலை என்ன தெரியுமா? பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்!

அந்தக் குழந்தை வளர்ந்து, அந்த வழக்கத்தையே எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். பட்ட அனுபவத்தை வைத்து 1936-ம் ஆண்டு 'தாசிகள் மோசவலை' என்ற நாவலையும் எழுதினார்.

ராமாமிர்தம் அம்மையார் மேடையில் போராடினார். முத்துலட்சுமி அம்மையார் சட்டசபையில் போராடினார்.

சட்டசபையில் ஒரு பெண்

1926-ம் ஆண்டு சென்னைச் சட்டசபைக்கு முத்துலட்சுமி நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். சபையின் உபதலைவராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1927-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சாதி, வழக்கம், மதம் என்ற பெயரால் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது தீர்மானம். சபை அதை ஏற்றுக் கொண்டது.

அதற்கு முன் சட்டமே இல்லையா? இருந்தது. சிறு பெண்களைத் தீய தொழிலுக்கு விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1860-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டமே சொல்லியிருந்தது.

ஆனால் கோவிலில் நடந்தது சாமி காரியம் என்றார்கள். பின்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். கோர்ட்டில் நிரூபிப்பதுதான் கஷ்டம். ஆகவே பொட்டுக்கட்டுவதையே தடுக்க வேண்டும் என்றார் அம்மையார்.

முடிச்சு எங்கே இருந்தது?

நோயின் வேரைத் தேடுவது டாக்டரின் பழக்கம் அல்லவா? அம்மையார் இதற்கும் வேரைத் தேடினார். அது நிலத்தில் இருந்தது.

கோவில் ஊழியம் செய்யும் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் விட்டிருந்தார்கள். ஊழியம் தொடர்ந்தால் நிலம் இருக்கும். ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும்.

பாட்டிக்குப் பிறகு தாய். தாய்க்குப் பிறகு மகள். மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் குடும்பத்துக்குச் சோறு போடும் நிலம் கைவிட்டுப் போகும். பெற்றவளே மகளை அழைத்துப்போக இதுவும் ஒரு காரணம்.

1929-ம் ஆண்டு அம்மையாரின் முயற்சியால் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நிலத்துக்கும் ஊழியத்துக்கும் இருந்த தொடர்பை அது அறுத்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே என்று ஆயிற்று.

தாய்மார்களைத் தண்டிப்பதற்கு முன், அவர்கள் பயத்தைப் போக்கினார் அம்மையார்.

எங்கும் இடம் இல்லை!

1930-ம் ஆண்டு வந்தது. பொட்டுக்கட்டுவதை அடியோடு தடுக்கும் மசோதாவை அம்மையார் கொண்டுவந்தார். விபசார விடுதிகளை ஒழிக்கும் சட்டமும் அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

அந்த ஆண்டுதான் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்தினார். அவரைச் சர்க்கார் கைது செய்தது. அதைக் கண்டித்து, முத்துலட்சுமி தம் பதவியை ராஜிநாமா செய்தார். பொட்டுக்கட்டுத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே நின்றது.

ஆனால் ஆபத்தில் இருந்த பெண்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க முடியுமா?

பொட்டுக்கட்டுக்குத் தப்பிய இளம்பெண்கள் சிலர் அம்மையாரைத் தேடி வந்தார்கள். அவர்களைப் படிக்க வைக்க வேண்டும். அதற்கு முதலில் தங்க இடம் வேண்டும்.

சென்னையில் பெண்கள் விடுதிகள் இருந்தன. அம்மையார் அங்கே கேட்டுப் பார்த்தார். எந்தக் குலத்துப் பெண்கள் என்று தெரிந்ததும் இடம் இல்லை என்றார்கள். பிராமணப் பெண்கள் விடுதியும் மறுத்தது. பிராமணர் அல்லாத பெண்கள் விடுதியும் மறுத்தது.

தேவதாசி முறை தப்பு என்று பேசியவர்கள் ஏராளம். தப்பி வந்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை!

திரும்பிப் போனால் அந்தப் பெண்களின் கதி என்ன? எதிலிருந்து தப்பி வந்தார்களோ, அதே இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அவர் பெரிய டாக்டர். ஊர் மதிக்கும் குடும்பம். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று அவர் தயங்கவில்லை.

அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து 1930-31-ல் உருவானதுதான் அவ்வை இல்லம்.

சோறும் படிப்பும் தொழிலும்

அவ்வை இல்லத்தில் சாதி கேட்கவில்லை. பெற்றோர் யார் என்று கேட்கவில்லை. வந்த பெண்ணுக்குப் பாதுகாப்பு, சாப்பாடு, படிப்பு. இவ்வளவுதான் கணக்கு.

தப்பி வந்த பெண்களோடு அனாதைக் குழந்தைகளும் ஆதரவற்ற பெண்களும் சேர்ந்தார்கள். அங்கே வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் வேலைக்குப் போனார்கள்.

படிப்போடு தொழிலும் வேண்டும் என்பதில் அம்மையார் குறியாக இருந்தார். கையில் சம்பளம் இருக்கும் பெண்ணை யாரும் எளிதில் விலை பேச முடியாது அல்லவா?

அடையாறில் அவ்வை இல்லம் இன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடமும் நடத்துகிறது.

சட்டத்தின் கதை என்ன ஆயிற்று? நாடு விடுதலை அடைந்த பிறகு, 1947-ம் ஆண்டின் கடைசியில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் பொட்டுக்கட்டுத் தடுப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அம்மையார் மசோதா கொண்டுவந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன!

சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருந்தால், 1930-ல் தேடி வந்த பெண்கள் கிழவிகள் ஆகாவிட்டாலும், வாழ்க்கையை இழந்திருப்பார்கள்.

அம்மையார் 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலமானார்.

கல் உடைத்த கைகள்

அம்மையார் பிறந்த புதுக்கோட்டைச் சீமை, 1948-ல் இந்தியாவோடு இணைந்தது. 1974-ல் தனி மாவட்டம் ஆயிற்று.

அங்கே வேறொரு கட்டு இருந்தது. அது கடன் கட்டு.

புதுக்கோட்டை மண்ணில் கருங்கல் பாறைகள் அதிகம். கல் உடைத்துப் பிழைப்பவர்களும் அதிகம். கலியாணம், நோய், சாவு என்று ஏதாவது வரும். காண்டிராக்டரிடம் முன்பணம் வாங்குவார்கள். வாங்கிய பணத்துக்கு உழைத்துக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது அவருடைய நோட்டுக்குத்தான் தெரியும். இவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

இப்படிக் கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. 1976-ம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. ஆனாலும் அந்தச் சட்டத்தைப் பற்றி ஏழைக்கு யார் சொல்வது?

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் புறப்பட்டது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பகலெல்லாம் கல் உடைத்த பெண்கள், மாலையில் சிலேட்டைப் பிடித்தார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொண்டார்கள்.

அதே காலத்தில் பெண்கள் குழுக்களுக்குக் கல் குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கூலிக்குக் கல் உடைத்தவர்கள், தாங்களே கல்லை விற்றார்கள். கணக்கைத் தாங்களே எழுதினார்கள். நோட்டு அவர்கள் கைக்கு வந்தது!

பழைய காண்டிராக்டர்களுக்கு இது பிடிக்குமா? எதிர்ப்பு வந்தது. ஆனால் குத்தகை போனாலும் கற்ற எழுத்தை யாராலும் திருப்பி வாங்க முடியாது.

அம்மையார் மானிய நிலத்தின் முடிச்சை அவிழ்த்தார். இங்கே கடன் நோட்டின் முடிச்சை அவிழ்த்தார்கள்.

இன்றைய வலை

பொட்டுக்கட்டுவதைச் சட்டம் தடுத்துவிட்டது. அதனால் ஆள் விற்பனையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வலையின் உருவம் மாறியிருக்கிறது.

ஒன்று: மில் வேலை. மேற்கு மாவட்டங்களின் நூல் மில்களுக்குப் பெண்களைச் சேர்க்க ஊர் ஊராகத் தரகர்கள் வந்தார்கள். மூன்று ஆண்டு வேலை செய்தால் கலியாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமான பெயரும் வைத்தார்கள். விடுதியை விட்டு வெளியே போக முடியாமலும், பாதியில் நின்றால் பணம் கிடைக்காமலும் தவித்த பெண்கள் உண்டு.

இரண்டு: வெளிநாட்டு வேலை. வளைகுடா நாட்டில் வீட்டு வேலை என்று அழைத்துப் போவார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக் கொள்வார்கள்.

மூன்று: கம்ப்யூட்டர் வேலை. இது படித்த பிள்ளைகளுக்கு விரிக்கும் வலை. தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று சொல்லி, மியான்மருக்குக் கடத்திப் போய், போன் மூலம் மற்றவர்களை ஏமாற்றும் வேலையில் அடைத்து வைத்தார்கள். அப்படிச் சிக்கிய தமிழ் இளைஞர்கள் சிலர் 2022-ல் மீட்டுக் கொண்டு வரப்பட்டார்கள்.

நான்கு: செங்கல் சூளை, மரம் வெட்டுதல், ஆடு மேய்த்தல். இங்கே முன்பணம்தான் தூண்டில்.

நான்கிலும் வருகிறவன் முரடனாக வருவதில்லை. பெரும்பாலும் தெரிந்தவனாக வருவான். உறவு சொல்லிக் கூப்பிடுவான். கையில் பணமும் கொண்டு வருவான்.

குடும்பத்தார் கவனத்துக்கு

வேலை என்று யார் வந்தாலும், கம்பெனியின் பெயர், முழு விலாசம், சம்பளம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கைநாட்டோ கையெழுத்தோ வைப்பதற்கு முன் காகிதத்தை முழுதும் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. படித்து முடிக்கும் வரை காத்திருக்க மாட்டேன் என்பவனை நம்ப வேண்டாம்.

வெளிநாடு என்றால், ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அது மோசடி. பாஸ்போர்ட், விசாவின் நகல் வீட்டில் இருக்கட்டும்.

முன்பணம் வாங்கி மாட்டிக் கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். கொத்தடிமையாக வைக்கப்பட்டவர் அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை என்கிறது 1976-ம் ஆண்டுச் சட்டம். கலெக்டரிடமோ ஆர்.டி.ஓ.விடமோ மனுக் கொடுக்கலாம். மீட்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பணமும் உண்டு.

ஆளைக் கடத்தியவனுக்குத் தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது. குழந்தையைக் கடத்தினால் 10 ஆண்டுக்குக் குறையாது. ஆயுள் தண்டனை வரை போகலாம். சம்மதித்துத்தான் வந்தாள் என்று சொல்லி அவன் தப்ப முடியாது.

குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பெண்களுக்கு 181. எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

திரும்பி வந்தால்?

இவ்வளவும் வலையில் விழாமல் இருப்பதற்கு. விழுந்து தப்பி வந்த பெண்ணை என்ன செய்வது?

போலீசார் மீட்கலாம். கோர்ட்டு தண்டிக்கலாம். அதற்குப் பிறகு அவள் ஊருக்குத்தான் வர வேண்டும். அங்கே ஏன் போனாள், எங்கே இருந்தாள், யாருடன் இருந்தாள் என்று தெருவே கேட்டால், அவள் எங்கே போவாள்? தரகன் மறுபடி வருவான். இந்தத் தடவை அவளை ஏமாற்ற வேண்டிய வேலைகூட அவனுக்கு இருக்காது.

அவளை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். தையலோ நர்சுப் படிப்போ கற்றுக் கொடுக்கலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ல் வந்தது. அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் தெரியுமா? பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர்!

1930-ல் இரண்டு விடுதிகள் கதவைச் சாத்தின. ஒரு வீடு திறந்தது. அதனால் பிழைத்த பெண்கள் பலர்.

அப்படி ஒரு பெண் நம் தெருவுக்குத் திரும்பி வந்தால், அவளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சாப்பிட்டாயா, அம்மா?"